நீலாயி தோகையைக் கொடுத்த கதை

காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் யாரும் வேலி போடாத காலம் அது. மயில் பேசினால் மனிதருக்குப் புரியும். மனிதர் திட்டினால் முயலுக்கு மனசு வருத்தப்படும். எல்லாருக்கும் ஒரே பேச்சு, ஒரே ஓடை, ஒரே மழை.

அந்தக் காலத்தில் பெண்மயிலுக்கும் தோகை உண்டு. சொல்லப்போனால் ஆண்மயிலின் தோகையைவிட அதுதான் நீளம். ஊசிப்பாறை மலையடிவாரத்தில் நீலாயி என்றொரு பெண்மயில் இருந்தாள். அவள் தோகையை விரித்தால் பின்னால் நிற்கும் ஆவாரம்புதர் முழுக்க மறைந்துபோகும். வருஷா வருஷம் வைகாசி முடிகிறபோது பாறைமேல் ஏறி முதல் ஆட்டம் ஆடுவது அவள்தான். அதைப் பார்க்க மேகம் இறங்கி வரும். இறங்கிய மேகம் பெய்யாமல் திரும்பாது. நீலாயிக்குத் தன் தோகைமேல் கொள்ளைப் பெருமை. தினமும் காலையில் ஒவ்வொரு இறகாக அலகால் கோதிவிட்ட பிறகுதான் இரை தேடக் கிளம்புவாள். அவள் வீட்டுக்காரன் மாரப்பன் வயிறு காயக் காத்து நிற்பான்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் மயிலிறகு தானாக உதிராது. பிடுங்கினால் மறுபடி முளைக்காது. ஒரு மயிலுக்கு ஒரு தோகைதான், சாகும்வரைக்கும்.

நீலாயியின் புதருக்குப் பக்கத்துக் குடிசையில் நாச்சி இருந்தாள். அவளும் புருஷனும் விடிந்ததும் மலைமேல் சாமைக்காட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய ஐந்து வயது மகள் தும்பை, நீலாயியின் குஞ்சுகளோடு குஞ்சாக வளர்ந்தாள். நீலாயியை அவள் கூப்பிடுவது "மயிலத்தை" என்று.

ஐப்பசி மாதத்தில் தும்பையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஓடைக்கு அக்கரையில் ஒரு குகையில் கரடி வாத்தியார் நடத்தின பள்ளிக்கூடம் அது. அவருக்கு எழுத்தாணி தேவையில்லை. சுண்டுவிரல் நகத்தாலேயே பனையோலையில் கீறி அழகாக எழுதுவார். தங்கமான ஆள். குரல்தான் கொஞ்சம் அப்படி இப்படி. "வாம்மா" என்று அன்பாகச் சொன்னாலே குகை அதிரும்.

முதல் நாள் அந்த "வாம்மா"வைக் கேட்டதும் தும்பை ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டாம் நாள் அவள் அப்பன் தூக்கிக்கொண்டு போய் உட்காரவைத்துவிட்டு வந்தான். மத்தியானம் பிள்ளையைக் காணவில்லை. ஊரும் காடும் சேர்ந்து தேடின. பொழுது சாய்கிற நேரத்தில் சூரமுள் புதருக்குள் கை காலெல்லாம் கீறலோடு கண்டுபிடித்தார்கள்.

நாச்சி மகளை அணைத்துக்கொண்டு அழுதாள். "படிச்சது போதும் சாமி. என்னைமாதிரி இதுவும் பேரெழுதத் தெரியாமலே இருந்துட்டுப் போகட்டும்."

அதைக் கேட்ட நீலாயிக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலையில் தும்பையைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கரடி வாத்தியார் கடிக்க மாட்டார்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு ஓடி வர்றே?"

தும்பை கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறினாள். "அங்க என்னை யாருக்கும் தெரியாது மயிலத்தை. பயமா இருக்கும்போது திரும்பிப் பார்த்தா, நீ இல்ல."

நீலாயி போய்க் கூட உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நான்கு குஞ்சுகளையும் பருந்துக்கு விட்டுவிட்டு எப்படிப் போவது? அவள் தன் தோகையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கழுத்தைப் பின்னால் வளைத்து, தோகையின் நட்டநடுவில் இருந்த இறகை அலகால் பற்றினாள். கண் பெரிதாக, நீலமும் பச்சையும் பொன்னுமாக, அவள் தினமும் கடைசியாகக் கோதிவிடுகிற இறகு அது. ஒரே இழுப்பு. அடியில் ஒரு சொட்டு ரத்தம் வந்தது. "ஐயோ" என்று கத்தினவன் புதருக்குள்ளிருந்த மாரப்பன்தான். நீலாயி கத்தவில்லை.

இறகின் நீளக் காம்பைக் கொத்தி நறுக்கினாள். ஓரத்துத் தூவிகளைக் கோதிச் சமமாக்கினாள். ஓலைக்கட்டின் இரண்டு ஓலைகளுக்கு நடுவே சரியாக அடங்குகிற அளவுக்கு வந்ததும் தும்பையின் கையில் கொடுத்தாள்.

"இது என் கண்ணு. ஓலைக்குள்ள வச்சுக்கோ. பயமா இருந்தா திறந்து பாரு. நான் உன்னைப் பார்த்துக்கிட்டே இருப்பேன்."

தும்பை இறகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் வாடியது. "இதுவும் அங்க தனியாத்தானே இருக்கும்? பாவம்."

நீலாயி வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். "தனியா எதுக்கு இருக்குது? தீனி போட்டா அது குட்டி போடுமே!"

"நிஜமாவா? என்ன தீனி?"

"நீ ஓலையில எழுத்துக் கீறும்போது தூள் விழும் பாரு, அதுதான். வேற எதையும் தொடாது. நிறைய எழுதினா நிறையத் தீனி."

அன்றைக்குத் தும்பை தானாகவே ஓடையைக் கடந்து போனாள். கரடி வாத்தியார் "வாம்மா" என்றார். குகை அதிர்ந்தது. அவள் ஓலையைத் திறந்து நீலக் கண்ணைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். சாயங்காலம்வரை 'அ' எழுதினாள். விழுந்த தூளை ஒரு துணுக்குக்கூடச் சிந்தாமல் இறகுக்கு ஊட்டினாள்.

மறுநாள் காலை அவள் ஓடையில் முகம் கழுவும் நேரம் பார்த்து, நீலாயி தோகையின் ஓரத்திலிருந்து குட்டி இறகு ஒன்றைப் பிடுங்கி ஓலைக்கட்டுக்குள் செருகிவைத்தாள். தும்பை கட்டைத் திறந்தாள். அவள் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த கொக்குகள் எல்லாம் பறந்தன.

"அம்மா! மயிலத்தை! குட்டி போட்டிருச்சு!"

நீலாயி நினைத்தாள், அத்தோடு முடிந்தது என்று. ஆனால் அன்று வகுப்பில் ஒரு கீரிப்பிள்ளை புதிதாகச் சேர்ந்து மூலையில் உட்கார்ந்து அழுதது. தும்பை தன் குட்டி இறகை அதற்குக் கொடுத்துவிட்டு வந்தாள். "நாளைக்கு இன்னொண்ணு போடும்ல, மயிலத்தை?" என்று கேட்டாள். கேட்ட முகத்தைப் பார்த்து நீலாயிக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

கீரிப்பிள்ளைக்குப் பிறகு முயல் மகள். பிறகு ஊர்க் குயவன் வீட்டு இரட்டைப் பையன்கள். பிறகு தாயில்லாத குரங்குக் குட்டி. யார் அழுதாலும் தும்பை ஓலையைத் திறந்து கொடுத்தாள். சில நாள் ஒன்று, சில நாள் மூன்று என்று நீலாயி பிடுங்கிக்கொண்டே இருந்தாள். வலி பழகிப்போனது. பழகாத ஒன்று இருந்தது. காலையில் கோதிவிடத் திரும்பும்போது அலகுக்கு எட்டுகிற இடமெல்லாம் வெறுமையாக இருக்கும்.

பங்குனியில் நாச்சி கவனித்துவிட்டாள். "என்னடி இது கோலம்? உனக்கு ஏதும் நோயா?" என்று பதறினாள். விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். "வைகாசி ஆட்டத்துக்கு என்ன செய்வே? என் பிள்ளைக்காக ஏன்டி இப்படி?"

"உன் பிள்ளை நேத்து என் பேரை எழுதிக் காட்டினா நாச்சி," என்றாள் நீலாயி. "நீலாயின்னு. அஞ்சு நிமிஷம் பிடிச்சுது. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல."

வைகாசி வந்தது. ஓடை வற்றியது. சாமைக்காடு வெடித்தது. ஊசிப்பாறையைச் சுற்றி மயில்களும் மனிதர்களும் கூடினார்கள். நீலாயி பாறைமேல் ஏறினாள். முதுகுக்குப் பின்னால் ஒற்றை இறகுகூட இல்லை. ஒரு கிழட்டு மயில் வெடித்தது. "தோகையைத் தூக்கிக் கண்டவங்களுக்கு இறைச்சுட்டு வந்து நிக்கிறா! இனி மேகம் எதைப் பார்த்து இறங்கும்? நம்ம எல்லார் வாயிலயும் மண்ணுதான்!"

நீலாயி தலை குனியவில்லை.

மேகம் வந்தது. பாறைக்கு மேலே நின்று தேடியது. "நீலாயி, எங்கே உன் தோகை?"

"அதோ, பள்ளிக்கூடத்துல இருக்குது."

அதே நேரத்தில் கரடி வாத்தியார் பிள்ளைகளை ஆட்டம் பார்க்கக் கூட்டிக்கொண்டு ஓடைமணலில் வந்துகொண்டிருந்தார். தும்பை முன்னால் வந்தாள். பாறைமேல் வெறுமையாக நின்ற மயிலத்தையைப் பார்த்தாள். குட்டி இறகுகள் எங்கிருந்து வந்தன என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அழவில்லை. ஓலைக்குள்ளிருந்த இறகை எடுத்துத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தாள். அவளைப் பார்த்துக் கீரிப்பிள்ளை பிடித்தது. முயல் மகள் பிடித்தாள், இரட்டையர் பிடித்தார்கள். வெள்ளை மணல்மேல் நூற்றைம்பது நீலக் கண்கள் ஒன்றாக அசைந்தன. நீலாயி விரித்த எந்தத் தோகையும் அத்தனை அகலமாக இருந்ததில்லை.

மேகம் இன்னும் கீழே இறங்கி வந்தது. "ஒரு வார்த்தை சொல். அத்தனையும் இப்போதே உன் முதுகுக்குத் திரும்பி வந்துவிடும்."

நீலாயி பிள்ளைகளைப் பார்த்தாள்.

"கொடுத்ததைத் திரும்ப வாங்கிப் பழக்கமில்ல எனக்கு," என்றாள். "வேற ஒண்ணு கேட்கலாமா? வர்ற வருஷமும் புதுப் பிள்ளைங்க வருவாங்க, அழுவாங்க. என் வீட்டுக்காரர் தோகை வருஷத்துக்கு ஒருதரம் தானா உதிரட்டும், தானா முளைக்கட்டும். வலிக்கக் கூடாது."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றான் மாரப்பன். அப்புறம் மனைவியின் முதுகைப் பார்த்தான். பாறைமேல் ஏறினான். இதுவரை ஆடியே பழகாத அவன் தன் தோகையை விரித்து, கால் மாற்றி மாற்றி வைத்து, அவள் முன்னால் ஆடத் தொடங்கினான். ஆட்டம் அவ்வளவு நன்றாக இல்லை. ஆனாலும் மேகம் பெய்தது. ஓடை நிறைகிற வரைக்கும் பெய்தது. நீலாயி நனைந்தபடி நின்றாள். கண்ணை இழுக்கத் தோகை இல்லாததால் அவளுடைய பச்சைக் கழுத்தின் மினுமினுப்பை அன்றுதான் எல்லாரும் முதல்முதலாகப் பார்த்தார்கள்.

ஆண்மயில் மழைக்கு ஆடுவதும், ஆடி முடித்த பருவத்தில் இறகை உதிர்ப்பதும், பிள்ளைகள் அதைப் புத்தகத்துக்குள் வைத்துத் தீனி போட்டுக் குட்டி போடுமென்று காத்திருப்பதும் அந்த மழைநாள் தொட்டு வந்த வழக்கம். நீலாயி வழிவந்த பெண்மயிலுக்குத் தோகை இல்லாமல் போனதும், அதற்காக ஒருபோதும் கழுத்தைத் தாழ்த்தாமல் அவள் நடப்பதும் அன்று முதல்தான்.