வேண்டாம் என்கிற பொத்தான்

"மேடம், எனக்குப் பச்சை வரணும். ஒரு வழி சொல்லுங்க" என்றார் சற்குணம்.

"எங்க வரணும்?" என்று கேட்டாள் வடிவு.

"ஸ்கிரீன்லதான். எல்லா வரியும் பச்சை. ஒண்ணு மட்டும் சிவப்பு."

வடிவு அவரைவிட வயதில் சின்னவள். பாளையங்கோட்டையில் இருந்த அந்த மென்பொருள் அலுவலகத்தில் அவளைக் குரு என்றும் இவரைச் சிஷ்யப்பிள்ளை என்றும் கேலி பேசுவார்கள். இரண்டு பேரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. வேலை தெரிந்தவளிடம் வேலை கற்றுக்கொள்ள வயது என்ன தடை?

அவர்கள் செய்வது இணையப் பக்கங்களுக்கான உறுப்புகள். பொத்தான், பெட்டி, இப்படி. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் கருவி உறுப்பைக் கட்டித் தரும். இன்னொன்றைத் தட்டினால் அதைச் சோதிக்கும். தேறினால் பச்சை எழுத்து, தேறாவிட்டால் சிவப்பு. கருவிக்கு முகதாட்சண்யம் கிடையாது.

அன்றைக்குச் சோதனையில் இருந்தது ஒரு சம்மதப் பெட்டி. மருத்துவச் செயலி ஒன்றில் வருவது. 'உங்கள் நோய் விவரங்களைப் பிற நிறுவனங்களுக்குத் தரலாமா?' என்று நோயாளியைக் கேட்கும். கீழே 'சம்மதம்' என்று ஒரு பொத்தான், 'வேண்டாம்' என்று ஒரு பொத்தான்.

அந்த 'வேண்டாம்' பொத்தானைப் பின்னணியின் நிறத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டார் மேலாளர் தனுஷ்கோடி. வெள்ளையில் வெள்ளை. இருக்கும், ஆனால் கண்ணில் படாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

முதலில் வடிவிடம்தான் சொன்னார். அவள் முடியாது என்றாள். அதனால் சற்குணத்திடம் வந்தார். சாயங்காலத்துக்குள் எல்லாம் பச்சையாகிவிட்டால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் நாளையிலிருந்து வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று சொல்லியும் விட்டார். சற்குணத்தின் வயதில் இன்னொரு இடத்தில் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு.

"சிவப்பா நிக்குதே, அது என்ன வரி?" என்றாள் வடிவு.

அவர் வாசித்தார். "'வேண்டாம்' பொத்தான் கண்ணுக்குத் தெரிகிறது."

அந்தச் சோதனையை எழுதியவளே அவள்தான்.

"உங்க டெஸ்ட்ட நான் அழிக்கல மேடம். அப்டேட் மட்டும் குடுத்துக்கிடட்டுமா?"

தொழிலில் இல்லாதவர்களுக்கு இந்த அப்டேட் என்னவென்று சொல்லிவிட வேண்டும். கட்டளையின் வாலில் ஒரு சின்ன எழுத்தைச் சேர்த்துவிட்டால், 'இப்போது எப்படி இருக்கிறதோ அதுவே சரி, பழையதை மறந்துவிடு' என்று கருவிக்கு அர்த்தம். நியாயமாக ஒன்றை மாற்றியவர்களுக்காக வைத்தது. மாணவன் எழுதிய தப்பு விடையைப் பார்த்து, வாத்தியார் விடைக்குறிப்பைத் திருத்திக்கொள்வது மாதிரியும் அதைப் பயன்படுத்தலாம். பலரும் அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் கொடுத்தாள்.

"குடுங்க."

"நெசமாவா?"

"பச்சைதான வேணும். குடுங்க."

தட்டினார். சிவப்பு போய்விட்டது. திரை முழுக்கப் பச்சை. சற்குணத்துக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"இப்ப அந்த வரிய வாய்விட்டு வாசிங்க" என்றாள் வடிவு.

"'வேண்டாம்' பொத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. தேறியது."

"தெரியுதா?"

"இல்ல."

"இன்னொரு தடவ வாசிங்க."

வாசித்தார். குரல் இறங்கிவிட்டது.

"என்ன நெறத்துல இருக்கு?"

"பச்சை."

"சொல்லுதது என்ன?"

"பொய்."

"ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க."

"பச்சைப் பொய்" என்றார் சற்குணம். சொல்லி முடித்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"என் வேலை போயிரும் மேடம்" என்றார்.

"போகலாம்."

அவள் ஆறுதல் சொல்லவில்லை. அவளுடைய வேலையும் போகலாம். அதையும் அவள் சொல்லவில்லை. தன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சற்குணத்துக்குக் கோபம் வந்தது. முதலில் அவள்மேல் வந்தது. அந்த வரியை வாசிக்கச் சொல்லாமல் விட்டிருந்தால் நிம்மதியாகப் பொய் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். பிறகு அந்தப் பாழாய்ப்போன பொத்தான்மேல் வந்தது. கடைசியில்தான் சரியான ஆள்மேல் வந்தது.

அப்டேட்டை ரத்து செய்தார். சிவப்பு திரும்பி வந்தது. சோதனையைத் தொடவில்லை. பொத்தானை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 'சம்மதம்' எந்த அளவோ அதே அளவு, எந்த எழுத்தோ அதே எழுத்து, நல்ல அழுத்தமான நீலம். பிறகு வாலில் எதையும் சேர்க்காமல் கட்டளையைத் தட்டினார். எல்லா வரியும் பச்சை.

சாயங்காலம் தனுஷ்கோடி வந்தார். "எல்லாம் பச்சையாயிட்டா?" என்று கேட்டார்.

"ஆயிட்டு சார்."

"அப்பிடிப் போடுங்க" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். அதோடு போயிருக்கலாம். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டார். இரண்டு பொத்தான்களும் தோளோடு தோள் நின்றன.

யாரைக் கேட்டு மாற்றினாய் என்றார். 'நீங்க' அதற்குள் 'நீ' ஆகிவிட்டது. டெஸ்ட் கேட்டதைச் செய்தேன் என்றார் சற்குணம். வடிவு சொல்லிக்கொடுத்தாளா என்றார் தனுஷ்கோடி. இல்லை, மேடம் ஒரு வரியை வாசிக்கத்தான் சொன்னார்கள் என்றார்.

அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வடிவு எழுந்து வந்து சற்குணத்தின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

தனுஷ்கோடி மேஜையில் கை ஊன்றிக் குனிந்தார்.

"கடைசியாக் கேக்கேன். ஒனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

சற்குணம் எழுந்து நின்றார்.

"பாத்தீங்களா சார், என்கிட்ட கேக்கும்போது மட்டும் ரெண்டையும் பளிச்சுன்னு காட்டித்தான் கேக்கீங்க."