புட்டுக்காரிக்கு யார் ஜாமீன்?

நீலமங்கலத்து ராஜா ஆவுடைத்தேவருக்குத் தன் பொக்கிஷத்தின் மேல் அப்படியொரு பெருமை. தொழிலுக்குக் கடன் கேட்டு வந்த எவரும் அங்கே வெறுங்கையோடு திரும்பியதில்லையாம். அவராகச் சொல்லிக்கொள்வார், அவராகத் தலையாட்டிக்கொள்வார்.

"பேராச்சி திரும்பினாளே!" என்றான் அரண்மனை விகடகவி குழைக்காதன். "பொக்கிஷ வாசலில் புட்டு விற்கிறவள். வீடு உண்டா, நிலம் உண்டா, கடைக்குக் கதவு உண்டா என்று கேட்டுத் துரத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வட்டிக்காரன் அவள் புட்டுக்குடத்தைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறான். குடம் போனால் பிழைப்பும் போச்சு."

"ஜாமீன் இல்லாமல் எப்படியப்பா கொடுப்பது?"

"அப்படியானால் தாங்களே போய்க் கேட்டுப் பாருங்கள். ராஜா என்று சொல்லக்கூடாது, பொய்யும் சொல்லக்கூடாது. கடன் கிடைத்தால் என் மீசையை எடுத்துவிடுகிறேன்."

அந்த மீசை மேல் ராஜாவுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். மறுநாள் காலை, சாப்பிடக்கூடச் செய்யாமல், முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பொக்கிஷக்காரர் தாண்டவராயருக்குக் கடன் கேட்டு வருகிறவர்களை நிமிர்ந்து பார்க்கிற வழக்கமில்லை. குனிந்தபடியே கேட்டார்: "சொந்த வீடு?"

ராஜா திகைத்துப்போனார். அவருடைய பாட்டனார் அரண்மனை உட்பட நாடு முழுவதையும் அம்மன் பேருக்கு எழுதிவைத்துவிட்டாரே! "இல்லை. அம்மன் இடத்தில் இருக்கிறேன்."

"ஓகோ, கோயில் மண்டபமா? நிலம்?"

"அதுவும் அம்மனுடையதுதான்."

"என்ன வேலை?"

"அம்மனுக்குக் காரியம் பார்க்கிறேன்."

"சம்பளம்?"

"வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறார்கள்."

"உன் அப்பன் என்ன செய்தான்?"

"அவரும் இதேதான்."

"அடடா, பரம்பரையே உட்கார்ந்து சாப்பிடுகிற பரம்பரையா! எழுந்து போய்யா!"

ராஜாவுக்குக் காதெல்லாம் சுட்டது. வயிறு வேறு கூப்பாடு போட்டது. வாசலுக்கு வந்தால், ஆவி பறக்கப் புட்டு.

"அண்ணாச்சி, உங்களையும் விரட்டிட்டாங்களா?" என்றாள் பேராச்சி. "மூஞ்சி வாடிக் கிடக்கே. சாப்பிடுங்க."

"கையில் காசில்லையே அம்மா."

"நாளைக்குக் குடுங்க."

"என் பேர்கூடத் தெரியாதே உனக்கு!"

"பேரை வச்சு என்ன செய்ய? ஒருநாள் சாப்பிட்டா மறுநாளும் இந்தப் புட்டைத் தேடி வந்துதானே ஆகணும்!"

ராஜா சுடச்சுடச் சாப்பிட்டார். வெட்கமாகவும் இருந்தது, ருசியாகவும் இருந்தது.

அன்று மாலையே பேராச்சியைச் சபைக்கு அழைத்தார்கள். சிங்காசனத்தைப் பார்த்ததும், "அய்யய்யோ, காலையில வந்த அண்ணாச்சியா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். தாண்டவராயருக்கு வேர்த்து ஊற்றியது.

"இனிமேல் கதவில்லாத கடைக்கும் கடன் உண்டு," என்றார் ராஜா. "நாணயமானவர் என்று வாடிக்கைக்காரர் மூன்று பேர் சொன்னால் போதும். விற்க விற்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கட்டும். பேராச்சிக்கு முதல் சாட்சி நானே. வட்டிக்காரன் கணக்கை இன்றே தீர்த்துவிடுங்கள்."

பேராச்சி அழுதேவிட்டாள்.

தாண்டவராயருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "இப்படி ஊருக்கெல்லாம் கடனுக்கு விற்கிறாயே, எத்தனை பேர் ஏமாற்றினார்கள்? உண்மையைச் சொல்!"

"எல்லாரும் குடுத்துட்டாங்க சாமி. ஒரே ஒருத்தர்தான் ஆறு மாசமா நாளைக்கு நாளைக்குன்னு..." தயங்கித் தயங்கி விரலை நீட்டினாள்.

மீசையை முறுக்கிக்கொண்டிருந்த குழைக்காதன் மெல்லத் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தான்.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுக்கு இறங்கியது. "தாண்டவராயரே, பந்தயத்தில் ஜெயித்த குழைக்காதனுக்கு நூறு பொன் பரிசு! ஆனால் அவன் கையில் கொடுக்காதீர். நேராகப் பேராச்சியிடம் கொடும். அவள் தன் பாக்கியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை 'நாளைக்கு' அவனுக்குக் கொடுக்கட்டும்!"