மகுடம் வாடகைக்கா, சொந்தமா?

அரசர்கள் மாறுவேஷத்தில் நகர்வலம் போனார்கள், அவர்களை ஒருவரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று நம் மக்கள் காலங்காலமாக நம்பி வருகிறார்கள். இது பெரும் பிழை. இதைத் திருத்தாமல் மேற்கொண்டு ஒரு வரி எழுதுவதும் தகாது. அரசர்கள் மாறுவேஷத்தில் போனது உண்மை. எல்லோரும் அடையாளம் கண்டுகொண்டதும் உண்மை. கண்டுகொள்ளாதது போல இருந்தார்கள், அவ்வளவுதான். அதற்குப் பெயர் ராஜபக்தி.

வேங்கைமலைச் சீமையை ஆண்ட உத்தமதேவ ராஜாவுக்கு இதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. மாதம் ஒரு முறை வியாபாரி வேஷம் கட்டிக்கொண்டு ஏதாவது ஒரு சந்தைக்குப் போவார். தலைப்பாகை கிழிசல்தான், ஆனால் அதிலிருந்து ஜவ்வாது வாசனை எட்டுக் கடை தூரம் வீசும். பின்னால் நான்கு பிச்சைக்காரர்கள் ஒரே சீராகக் கால் வைத்து நடந்து வருவார்கள். "யாரங்கே! ஒரு கத்தரிக்காய்!" என்பார் வியாபாரி.

அப்படிப் போய்வந்த தெம்பில்தான் அன்று சபையில் தீர்ப்புச் சொன்னார். கருவேலம்பட்டியில் பயிர் செய்யும் சம்சாரி சுடலைமுத்து ஒரு முறையீடு செய்திருந்தான். ஊர் வாய்க்கால் வறண்டு கிடக்கிறது, தண்ணீரையெல்லாம் முதல் மந்திரி நரசப்பர் தம் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் திருப்பிக்கொண்டார் என்று.

"போன வாரம் நாமே கருவேலம்பட்டிச் சந்தைக்குப் போனோம். பத்துப் பேரிடம் விசாரித்தோம். வாய்க்கால் கரைபுரண்டு ஓடுகிறது என்று பத்துப் பேரும் சொன்னார்கள்" என்றார் ராஜா. "மந்திரி மேல் பழி சொன்ன நாக்கை நாளை மறுநாள் அறுத்துவிடுங்கள்."

நரசப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், பிழைக்கத் தெரியாதவன்."

சபையில் விகடம் சொல்லிச் சம்பளம் வாங்கும் மருதையனுக்கு இந்தத் தீர்ப்பு சரியாகப் படவில்லை. போன வாரம் அவனும் அந்தச் சந்தையில் இருந்தான். கருவாட்டுக்காரி பேச்சி அந்த வியாபாரியிடம், "வணிகர் பெருமானே, மாமன்னரின் கருணை போல் வாய்க்கால் பெருக்கெடுத்து ஓடுகிறது" என்று சொன்னதைத் தன் காதாலேயே கேட்டான். பேச்சி சொந்த மாமனாரையே 'என்ன வே' என்று கூப்பிடுகிறவள்.

இதை நேரே சொல்லலாமா? 'உங்கள் வேஷம் பல்லிளிக்கிறது' என்று ராஜாவிடம் சொல்வதும் நாக்கு போகிற காரியம்தான். ஆகவே கையைக் கூப்பினான்.

"மகாராஜா, நாளைக்கு அங்கே மறுபடி சந்தை. இன்னொரு தரம் விசாரித்துவிடலாமே."

"நல்லது. வேஷத்தை எடுத்து வை."

"வேஷம் வேண்டாம். மகுடம், செங்கோல், முத்துமாலை எல்லாம் அணிந்து வாருங்கள். காவலர் மட்டும் வேண்டாம். நாம் இருவரும் நடந்தே போவோம்."

"மூடா! என்னை அடையாளம் கண்டுகொள்வார்களே!"

"ஒரே ஒருவர் கண்டுகொண்டாலும் சுடலைமுத்துவின் நாக்கோடு என் நாக்கையும் சேர்த்து அறுத்துவிடுங்கள்."

நரசப்பர் முந்திக்கொண்டார். "பந்தயம் நியாயமாகத்தான் இருக்கிறது மகாராஜா!"

மறுநாள் காலையில் மருதையன் ஒரு மத்தளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ராஜாவுக்கு முன்னால் நடந்தான். சந்தை வாசலில் இரண்டு தட்டுத் தட்டினான். வேறொன்றும் செய்யவில்லை.

"கூத்துக்காரன் வந்துட்டான் டோய்!"

கூட்டம் சூழ்ந்துகொண்டது. பேச்சி கூடையைப் போட்டுவிட்டு முன்னால் வந்து ராஜாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன வே, மகுடம் வாடகைக்கா, சொந்தமா?"

"யாரங்கே!" என்று கர்ஜித்தார் ராஜா. சந்தையே குலுங்கிச் சிரித்தது.

"குரல் பொருந்தலையே" என்றார் ஒரு மாட்டுத் தரகர். "நம்ம ராசா மூக்கால பேசுவாரு."

"நான்தான் உங்கள் ராஜா!"

"ஆங், இப்பக் கொஞ்சம் வருது. இன்னும் மூக்கால!"

ராஜாவின் கை உடைவாளைத் தேடியது. மருதையன் மத்தளத்தை ஓங்கி அறைந்தான். "ராசா குடிகளை விசாரிக்கிற கட்டம்! கேளுங்க ராசா, கேளுங்க!"

ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "குடிமக்களே, வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா?"

"வருதே, மந்திரி கொடிக்காலுக்கு!" என்றாள் பேச்சி. "எங்க வாய்க்கால்ல ஓணான்தான் ஓடுது."

"அப்படியானால் போன வாரம் வந்த வியாபாரியிடம் ஏன் பொய் சொன்னாய்?"

"வியாபாரியா? அது ராசால்லா! வெலை கேக்காம சாமான் வாங்கின வியாபாரிய நீரு எங்கயாவது பாத்திருக்கீரா? மனுசன் ஆசைப்பட்டு வேசம் கட்டிட்டு வாராரு, அதை நாம கெடுப்பானேன்? அவருகிட்ட உள்ளதைச் சொல்ல எனக்கு என்ன, ரெண்டு நாக்கா இருக்கு? சுடலைமுத்து சொன்னான். நாளைக்கு அவனுக்கு இருக்கிற ஒண்ணும் போகுது."

சிரிப்பு நின்றுவிட்டது. பேச்சி ஒரு நெத்திலிப் பொட்டலத்தை எடுத்து ராஜாவின் கையில் வைத்தாள். "கொண்டு போம். நடிப்பு வராட்டாலும் பசிக்கும்லா."

அன்று பிற்பகலே சுடலைமுத்து நாக்கோடு வீட்டுக்குப் போனான். வாய்க்காலைப் பழையபடி திருப்பிவிடும் வேலை நரசப்பருக்குக் கொடுக்கப்பட்டது. மண்வெட்டியை அவரே பிடிக்க வேண்டும் என்று உத்தரவு.

ராஜாவுக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. "மருதையா, வேஷம் போட்டுப் போனால் பொய் சொல்கிறார்கள். நான் நானாகவே போனால் உண்மையைச் சொல்கிறார்கள். இதென்ன விசித்திரம்?"

"விசித்திரம் ஒன்றுமில்லை மகாராஜா. தாங்கள் நிற்கிற இடம் எதுவானாலும் அது சபையாகிவிடுகிறது. சபையில் சபைப் பேச்சுத்தானே பேசுவார்கள்? சந்தைப் பேச்சு கேட்க வேண்டுமானால், தாங்கள் ராஜா இல்லை என்று அவர்கள் நம்ப வேண்டும். எல்லா வேஷத்தையும் யோசித்துப் பார்த்தேன். அப்படி நம்பவைக்க ஒரே ஒரு வேஷம்தான் தேறியது."

"எது?"

"ராஜா வேஷம்."

சபையோர் ராஜாவின் முகத்தைப் பார்த்தார்கள். ராஜா சிரித்தார், மூக்கால். பிறகு கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மருதையனிடம் வீசினார்.

இரண்டு நாளில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. சந்தைக்கு வந்துபோனது யார் என்று கருவேலம்பட்டிக்கும் விளங்கிவிட்டது. அடுத்த வாரச் சந்தைக்கு நிஜமான கூத்துக்காரர் ஒருவர் மகுடத்தோடு வந்தார். ஊர் முழுக்கத் தரையில் விழுந்து கும்பிட்டது. பெரியவர்கள் மாலை போட்டு, தங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று விண்ணப்பித்தார்கள். அன்று கூத்து நடக்கவில்லை.