மடித்துக் கட்டிய மந்திரி

ஆற்றில் வருஷம் பூராவும் தண்ணீர் ஓடிய நல்ல காலத்தில், ஆலங்கரை நாட்டைச் செம்பியராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காதில் விழுந்ததையெல்லாம் நம்பிவிடுவார்.

அவருடைய மந்திரி திருமேனி. சின்ன வயதில் இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக நண்டு பிடித்தவர்கள். முடிசூட்டியதும் அதெல்லாம் போயிற்று. சபைக்கு வந்தால் வேட்டி கணுக்கால்வரை தழைந்திருக்க வேண்டும், அங்கவஸ்திரம் இடுப்புக்கு வந்துவிட வேண்டும். மடித்துக்கட்டு வயலுக்கும் வீட்டுக்கும்தான்; அங்கேயும் பெரியவர்களைக் கண்டால் சட்டென்று இறக்கிவிட வேண்டும். அந்தப் பழைய நாட்களைத் திருமேனி அடிக்கடி நினைத்துக்கொள்வார்.

அந்த வருஷம் புதுக்கதிர் கொண்டுவரும் முறை அவருக்கு வந்தது. அக்கரையில் அறுத்த முதல் கதிர்க்கட்டைத் தரையில் வைக்காமல், வேறு யார் கையும் படாமல், இரண்டு கையாலும் ஏந்திவந்து ராஜாவிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தார். ஆனால் வேட்டி மடித்தபடியே இருந்தது.

மந்திரி பதவிமேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த சபை அதிகாரி கனகசபை துள்ளி எழுந்தார். "முழங்கால் தெரியச் சபைக்குள் வருகிறாரே! மகாராஜா என்ன, வயற்காட்டுப் பொம்மையா?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "மந்திரியாரே, தகுந்த பதில் இல்லையென்றால் நீர் நாட்டை விட்டே போகலாம்."

"நான் சொன்னால் சாக்கு என்பார்கள், பிரபு. நாளைக்குக் கனகசபை ஒரு கட்டு கொண்டுவரட்டும். அவர் வந்து நிற்கிற அழகே என் பதில்."

"ஆகட்டும்!" என்றார் கனகசபை, வாயெல்லாம் பல்லாக.

மறுநாள் சரிகை வேட்டியில் புறப்பட்டார். சரிகை நனையக்கூடாதே என்று ஆற்றங்கரையில் மடித்துக் கட்டினார். அக்கரையில் கதிரை ஏந்தினார். பெருமையாக ஆற்றைக் கடந்தார். சபை வாசலில்தான் குனிந்து பார்த்தார். கதிரைக் கீழே வைக்கவும் முடியாது, யாரிடமும் கொடுக்கவும் முடியாது. வேட்டியை இறக்கிவிட மூன்றாவது கைக்கு எங்கே போவார்?

முழங்கால் பளிச்சென்று தெரிய உள்ளே வந்து நின்றார். சபை கொல்லென்று சிரித்தது.

ராஜா மட்டும் சிரிக்கவில்லை. சிம்மாசனத்தை விட்டு இறங்கிவந்து, குனிந்து, தம் கையாலேயே கனகசபையின் மடிப்பை இறக்கிவிட்டார். கனகசபைக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"நான் பிள்ளையாகக் கதிர் ஏந்திவந்த வருஷம் அப்பா எனக்கு இப்படித்தான் செய்தார். அதை மறந்துபோனேனே!" என்றார் ராஜா. "கனகசபை, இன்றுமுதல் நீர் வாசலில் நில்லும். கைநிறையச் சுமையோடு எந்தக் குடியானவன் வந்தாலும், அவன் வேட்டியை இறக்கிவிடுவது உம்முடைய வேலை."

பிறகு மந்திரியின் தோளில் கை போட்டார். "நேற்று உனக்கு நான் இதைச் செய்திருக்க வேண்டுமடா, திருமேனி."

முடிசூட்டிய நாளிலிருந்து அந்த 'டா' அவர் வாயில் வந்ததில்லை. நாடு கடத்துவேன் என்றபோதுகூட அசையாத மந்திரி, அதைக் கேட்டுத்தான் அழுதார்.