முதல் வாய்த் தண்ணீர்

நாணல் குளத்துக் கரையில் இரண்டு கூட்டம் மான்கள் ஒன்றாக மேய்ந்து வந்தன. ஒன்று, தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த குளத்து மான்கள். இன்னொன்று, மலையில் தீப்பிடித்ததால் போன வருடம் இறங்கி வந்த மலை மான்கள்.

இரண்டுக்கும் தலைவன் கருங்கொம்பன் என்ற குளத்து மான். நல்ல மான்தான். வம்பே அங்கேதான் இருந்தது.

ஒரு கோடையில் காட்டுப்பன்றிகள் வாயில் புண் கண்டு, நுரை தள்ளி, குளத்திலேயே விழுந்து செத்தன. தண்ணீரில் நோய் கலந்திருக்குமோ என்று மான்கள் நடுங்கின.

"பயப்படாதீங்க! நம்ம வழக்கம் இருக்கே!" என்றது கருங்கொம்பன். "முதல் வாய்த் தண்ணி என் குடும்பம் குடிக்கும். மூணு நாள் பொறுங்க. எங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா எல்லாரும் குடிக்கலாம்!"

செம்பி என்ற மலை மான் முன்னால் வந்தது. அப்போதுதான் பால் மறந்த அதன் குட்டி பக்கத்தில் ஒட்டி நின்றது.

"தலைவரே, எங்கள்ல ஒருத்தரும் உங்களோட குடிச்சுப் பார்க்கட்டும். நானே குடிக்கிறேன். இல்லேன்னா இப்பவே ஆத்துக்குப் போயிடலாம். ரெண்டு நாள் நடைதானே!"

கருங்கொம்பனின் முகம் சுருங்கியது. "சாவு வந்தா முதல்ல எங்களுக்கு வரட்டும்னு எங்க பாட்டன் வச்ச வழக்கம் இது. அதுல உனக்குச் சந்தேகமா?"

"உங்க மேல சந்தேகம் இல்லை. உங்க உடம்பு வேற, எங்க உடம்பு வேறயா இருந்தா?"

"நாலு கால், ஒரு வால், உடம்பெல்லாம் புள்ளி! இதுல வேற என்னத்தைக் கண்டே?"

கூட்டமே சிரித்தது. மலை மான்களும் சேர்ந்துதான் சிரித்தன, பாவம்!

மூன்று நாள் கழிந்தது. கருங்கொம்பனின் குடும்பம் துள்ளிக் குதித்தது. செம்பியின் குட்டிக்கோ நாக்கு வறண்டு போயிருந்தது. இனி ஆறுவரை நடக்க அதற்குத் தெம்பில்லை. வேறு வழியில்லாமல் செம்பி அதைக் குளத்தில் இறக்கிவிட்டுத் தானும் குடித்தது. மற்ற மலை மான்களும் குடித்தன.

குடித்த இரண்டாம் நாளே மலை மான்களின் வாயில் புண் வந்தது. பத்தாம் நாளுக்குள் முப்பதில் இருபத்திரண்டு செத்தன. செம்பி பிழைத்தது. குட்டி பிழைக்கவில்லை.

பிணந்தின்னிக் கழுகு ஒன்று வந்து இறங்கியது.

"அதே தண்ணியைத்தானே நானும் குடிச்சேன்!" என்று கதறியது கருங்கொம்பன்.

"உன் பாட்டன் காலத்துலயும் இந்த நோய் வந்தது," என்றது கழுகு. "நூத்துக்குத் தொண்ணூறு செத்துது. எனக்கு ஒரு மாசம் வயிறு காயலை. இதைத் தாங்குற ரத்தத்தோட பொறந்த சிலது மட்டும் தப்பிச்சுது. அதுங்க வம்சம்தான் நீங்க எல்லாரும். மலையில இந்த நோய் வந்ததே இல்லை. அதனால அங்கே அந்த ரத்தம் ஏதோ சிலதுக்குத்தான் இருக்கும். செம்பிக்கு இருந்தது. அது குட்டிக்கு இறங்கலை, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுக் கழுகு தன் வேலையைப் பார்க்கப் போனது.

கருங்கொம்பன் தலை குனிந்து செம்பியிடம் வந்தது. "என் உயிரைப் பணயம் வச்சுத்தானே சொன்னேன்..."

"உங்க உயிர் பணயத்துல இருக்கவே இல்லை, தலைவரே," என்றது செம்பி. "என் குட்டியோட உயிர்தான் இருந்தது!"

தன் உடம்பு தாங்கியதை வைத்து எல்லாருக்கும் உறுதி சொல்கிறவன், எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், அடுத்தவர் பிள்ளையின் உயிரை வைத்தே அந்த உறுதியைச் சொல்கிறான்.