உடையாத பைண்டிங்

மூன்றாவது பைண்டிங்கும் உடைந்த பிறகுதான் இசக்கிமுத்து அந்தக் கேள்வியை மாஸ்டரிடம் கேட்டார்.

மாஸ்டர் என்றதும் தாடியும் கமண்டலமுமாக யாரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பெயர் ஜெசிந்தா, வயது முப்பத்தாறு. கன்னியாகுமரிக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவர். பனி எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க மணாலிக்கு வந்தார், பார்த்தார், அப்படியே தங்கிவிட்டார். மணாலிக்கு வடக்கே ஒரு மலைக் கிராமத்தில் இருந்துகொண்டு, பனியில் ஸ்கீ போட்டு மலையேறி இறங்குவதைச் சொல்லிக்கொடுக்கிறார்.

சிஷ்யர் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். வள்ளியூரில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். ஆறடி உயரம், நூற்றுப் பன்னிரண்டு கிலோ. காலேஜ் நாளில் கபடி ஆடியவர், இன்னும் அந்த ஆட்டத்தை விடவில்லை. மற்றவர்கள் வளைந்து வளைந்து இறங்குகிற சரிவில் இவர் நேரே விழுந்தடித்து வருவார். குறுக்கே மேடு கிடந்தால் சுற்றிப் போக மாட்டார், தாவுவார். நாலு வருஷமாகக் குளிர்காலம் வந்தால் பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிளம்பி விடுவார்.

பைண்டிங் என்பது வேறொன்றும் இல்லை, காலில் போடுகிற பூட்ஸையும் ஸ்கீ பலகையையும் கோக்கிற பிடி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஏறும்போது முன்பிடி மட்டும் பூட்ஸின் நுனியைக் கவ்வியிருக்கும், குதிகால் தூக்கித் தூக்கி நடக்கலாம். இறங்கும்போது பின்பிடியும் சேர்ந்து கவ்வும். ஆள் விழுந்தால் இரண்டும் காலை விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அதன் ஜோலி.

முதல் இரண்டு உடைந்ததை இசக்கிமுத்து பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது உடைந்தது போன வருஷம், கணவாய்க்கு அந்தப் பக்கம், ஆள் அரவமே இல்லாத இடத்தில். இடுப்பளவு பனியில் ஒன்பது மணி நேரம் நடந்தார்கள். முன்னால் நடந்து வழி திறந்தவர் தோர்ஜே. மாஸ்டரின் கூட்டாளி, ஐம்பத்தெட்டு கிலோ எடையுள்ள உள்ளூர்க்காரர். ஊர் வந்து சேர்ந்தபோது தோர்ஜேயின் இடது கால் சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது. டாக்டர் அதை எடுத்துவிட்டார்.

தோர்ஜே அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இசக்கிமுத்துவைக் கொன்றது. திட்டியிருந்தால் திரும்ப நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பார். பேசாத மனுஷனிடம் என்ன செய்வது? ஒரு வருஷமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய், நன்றாகவே இறங்கியது. ஆனால் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் தன் சுண்டுவிரலைப் பார்த்தார்.

இந்த வருஷம் மாஸ்டர் மறுபடியும் கணவாயைக் கடக்கப் போகிறார். மொத்தம் மூன்று பேர்தான். தோர்ஜே உண்டு. மூன்றாவது இடத்துக்கு மாஸ்டர் இன்னும் ஆளைச் சொல்லவில்லை.

உடைந்த மூன்றையும் பையிலிருந்து எடுத்து மேஜையில் பரப்பினார் இசக்கிமுத்து.

"மாஸ்டர், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எந்த பைண்டிங் உடையாது?"

ஜெசிந்தா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். மூன்றிலும் உடைந்திருந்தது ஒரே இடம்தான், முன்பிடியை இறுக்கிப் பூட்டுகிற லீவர்.

"இறங்கும்போதும் லீவர மேல இழுத்துப் பூட்டியே வச்சிருந்தீங்களா, அண்ணாச்சி?"

"ஆமா."

"ஏறும்போதுதான அத பூட்டணும்."

"பூட்டலேன்னா பாதி வழியில கழண்டுருது மாஸ்டர். என் எடை அப்படி."

மாஸ்டர் வாசலில் கிடந்த ஒரு பலகையைக் காட்டினார். "மாட்டுங்க."

இசக்கிமுத்து பனி அப்பிய பூட்ஸோடு போய் டமாரென்று மிதித்தார். முன்பிடி கவ்வியது. ஜெசிந்தா குனிந்து பூட்ஸைப் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார். கழன்று வந்தது. உள்ளங்கையால் தட்டிய தட்டுதான்.

பிறகு ஒரு குச்சியை எடுத்து முன்பிடியின் ஸ்பிரிங்குக்கு அடியில் நோண்டினார். சுண்டைக்காய் அளவு ஐஸ்கட்டி ஒன்று வெளியே விழுந்தது.

"மறுபடி மிதிங்க."

மிதித்தார். மாஸ்டர் இந்த முறை கையை ஓங்கித் தட்டினார். அசையவில்லை.

இசக்கிமுத்து கீழே கிடந்த ஐஸ்கட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு வருஷத்தில் ஒருநாள்கூட அங்கே குச்சி விட்டுப் பார்த்ததில்லை. இறங்குவதற்கு நின்றால் அவருக்குக் கால் பரபரக்கும், யார் குனிந்து நோண்டிக்கொண்டிருப்பது?

"சரி, இனிமே நோண்டுதேன்" என்றார். "ஆனா நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

"ஏதோ முடிவு பண்ணித்தான வந்திருக்கீங்க. எடுங்க பார்ப்போம்."

அவர் முகம் மலர்ந்தது. புதுப் பலகையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். ஸ்கீ பந்தயக்காரர்கள் மாட்டுகிற பைண்டிங், தூக்கினால் எடையே தெரியாது. பின்பிடியில் திருகவோ தளர்த்தவோ ஒன்றும் கிடையாது. முன்பிடியில் மட்டும் ஓர் எஃகு வளையம் ஏறியிருந்தது. அது கடையில் வாங்கியதில்லை.

"நம்ம பட்டறையில கடைஞ்சது. லீவர இழுத்து இந்த வளையத்த மேல போட்டுட்டா, இமயமலையே இடிஞ்சு விழுந்தாலும் கழலாது."

ஜெசிந்தா வளையத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிசிறே இல்லை.

"நல்ல வேலை அண்ணாச்சி."

"ரெண்டு நாள் உக்காந்து செஞ்சேன்."

"கடையில இன்னொண்ணு காட்டியிருப்பாங்களே. திருகெல்லாம் அகலமா தள்ளித் தள்ளி இருக்கும், பலகை வளையும்போது பின்பிடி கொஞ்சம் நகர்ந்து குடுக்குமே, அது?"

"அதயும் வாங்கி வச்சிருக்கேன், எதுக்கும் இருக்கட்டும்னு. ஆனா கூட இருநூறு கிராம் வருது மாஸ்டர். ஏறும்போது இழுக்கும்லா?"

"காலையில எத்தன ஆலு பரோட்டா சாப்பிட்டீங்க?"

இசக்கிமுத்து வயிற்றைத் தடவிக்கொண்டார். நாலு.

"எடைய விடுங்க" என்றார். "நகர்ற பாகந்தான் மொதல்ல போகும். நாப்பது லாரி பாத்தவன் சொல்லுதேன்."

"லாரி பாடிய சேசிஸோட சேத்து வெல்டிங் அடிச்சிருவீங்களோ?"

"சேச்சே, அடிக்கப்படாது. கட்டையக் குடுத்து யூ போல்ட்டு போட்டுதான் முடுக்கணும். வெல்டு வச்சா பள்ளத்துல வண்டி முறுக்கும்போது சேசிஸே கீறிரும்." சொல்லிவிட்டு நிறுத்தினார். "அது லாரி மாஸ்டர்."

"ஆமா, அது லாரி" என்றார் ஜெசிந்தா. "வாங்க, இத மாட்டிக்கிட்டு சரிவுக்குப் போவோம்."

வீட்டுக்குப் பின்னால் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிற சின்னச் சரிவு. இசக்கிமுத்து மேலே போய் நின்று லீவரை இழுத்தார், வளையத்தைப் போட்டார். போடும்போது அது கொடுத்த சத்தம் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"இறங்கி வந்து பாதியில விழுங்க" என்றார் மாஸ்டர் கீழேயிருந்து.

"விழணுமா?"

"விழணும்."

இதுவரை அவரை விழச் சொன்னவர்கள் எதிரணிக்காரர்கள் மட்டும்தான். நாலு முறை இறங்கினார், நாலு முறையும் விழ வரவில்லை. உடம்பு தானாகச் சமாளித்து நின்றுவிட்டது. ஐந்தாம் முறை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தார். நூற்றுப் பன்னிரண்டு கிலோவும் ஒரு பக்கம் போனது. பலகை பனியில் குத்தி நின்றுகொண்டது, காலை விடவில்லை. முட்டி ஒரு முறுக்கு முறுக்கியது.

"அம்மா" என்றார் மெதுவாக.

ஜெசிந்தா பதறாமல் ஏறி வந்தார். முட்டியைப் பிடித்துப் பார்த்தார், மடக்கி நீட்டச் சொன்னார். பெரிதாக ஒன்றும் இல்லை, லேசான சுளுக்கு. சுண்டி வளையத்தைக் கழற்றிப் பலகையை விடுவித்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"தோர்ஜே. ஸ்லெட்ஜ எடுத்துட்டு வாங்க. அண்ணாச்சிக்குக் கால் உடைஞ்சிருச்சு."

"ஒண்ணும் ஆகல மாஸ்டர். நான் நடந்திருவேன்."

"உடைஞ்சிருச்சு. படுங்க."

தோர்ஜே வந்தார். மாஸ்டர் ஒன்று சொன்னால் ஏன் என்று கேட்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அடிபட்டவரை இழுக்கும் ஸ்லெட்ஜில் இசக்கிமுத்துவைப் படுக்கவைத்து, மேலே தார்ப்பாயைப் போர்த்தி, நாலு பட்டையையும் இழுத்துக் கட்டினார். கட்டின கட்டில் கை அசைக்க முடியவில்லை.

"எங்கே போகணும்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

மாஸ்டர் மலையைக் காட்டினார். "தேவதாரு மரம் வரைக்கும். கணவாய்க்கு அந்தப் பக்கம் அடிபட்டா, ஏறித்தான வரணும்."

தோர்ஜே கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இழுக்க ஆரம்பித்தார்.

இசக்கிமுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். முதல் நாலைந்து நிமிஷம் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஊரில் யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்தார். பிறகு தோர்ஜேயின் மூச்சு கேட்டது. பத்து அடிக்கு ஒருதரம் நின்றார், இழுத்தார், நின்றார். தலையைத் தூக்கிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. தோர்ஜே இடது காலை ஊன்றுகிற ஒவ்வொரு தடவையும் பாதத்தைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பி ஊன்றினார். வெளிப்பக்கம் பிடிமானம் இல்லை.

"போதும் தோர்ஜே. இறக்கிவிடுங்க."

தோர்ஜே திரும்பிப் பார்த்தார். வியர்வை புருவத்தில் உறைந்திருந்தது.

"கால் உடைஞ்சவர நடக்க விடக் கூடாது அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி என்பதுதான் இவருடைய பெயர் என்று அவர் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"என் கால் உடையலப்பா."

"தீதி உடைஞ்சிருச்சுன்னு சொன்னாங்க." மாஸ்டரை அவர் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்.

மறுபடி கயிறு இறுகியது.

இசக்கிமுத்துவுக்கு அழுகை வந்தது. கட்டிப் போட்டிருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. தன்னை இழுத்துக்கொண்டு போகிற மனுஷனின் முதுகைப் பார்ப்பதைவிட இன்னொரு பைண்டிங் உடைந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

தேவதாரு மரத்தடிக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. தோர்ஜே பட்டைகளை அவிழ்த்துவிட்டு, பனியில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். இசக்கிமுத்து எழுந்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார். அந்தப் பாதத்தைத் தன் இரண்டு கைக்குள்ளும் வாங்கிக்கொண்டார். தோர்ஜே வேண்டாம் என்று இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. கபடிக்காரர் பிடி. சூடேறும்வரை அவர் விடவில்லை.

"மாப்பு பண்ணிருங்க" என்றார் இசக்கிமுத்து, தனக்குத் தெரிந்த ஹிந்தியில். ஒரு வருஷம் பிந்திய வார்த்தை.

தோர்ஜே தலையை ஆட்டினார். "ரொம்ப கனம் அண்ணாச்சி நீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இசக்கிமுத்து யாரும் சொல்லாமலே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பந்தய பைண்டிங்கைக் கழற்றினார். துளைகளை அடைத்தார், புதிதாக அளவெடுத்துத் துளை போட்டார், இரண்டாவது பைண்டிங்கை மாட்டினார். வேலைக்காரக் கை, ஒரு திருகுகூடக் கோணவில்லை. எஃகு வளையத்தை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஜெசிந்தா அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த பைண்டிங்கில் எண் உண்டு. சின்ன எண்ணில் வைத்தால் சீக்கிரம் காலை விடும், பெரிய எண்ணில் வைத்தால் லேசில் விடாது. கூடவே வந்த காகிதத்தில் எடை, வயது, பூட்ஸின் நீளம் எல்லாம் பார்த்தார். நிதானமாக இறங்குகிறவர்களுக்கு எட்டு என்று வந்தது. முரட்டுத்தனமாக இறங்குகிறவர்களுக்குப் பத்து.

இசக்கிமுத்து ஸ்க்ரூ டிரைவரைத் திருகில் வைத்தார். பத்துக்குப் போய் நின்றது கை. அப்புறம் எடுத்துவிட்டார். எட்டுக்குக் கொண்டுவந்தார், மனசு கேட்கவில்லை. நாலு வருஷமாக அவர் ஒருநாளும் நிதானமாக இறங்கியவர் இல்லை, அது அவருக்கே தெரியும். அவசரமான இடத்தில் பிடி விட்டுவிட்டால்? விடவே இல்லையென்றால்?

"மாஸ்டர்" என்று கூப்பிட்டார்.

ஜெசிந்தா டீ டம்ளர்களோடு வந்தார். ஒன்றை அவருக்குக் கொடுத்தார். இன்னொன்றை அடுப்போரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த தோர்ஜேயிடம் கொடுத்தார்.

"எட்டுல வைக்கவா, பத்துல வைக்கவா?"

"தோர்ஜேகிட்ட கேளுங்க."

"அவருக்கு எப்படித் தெரியும்? எம் பாய்ச்சல் எனக்குத்தான தெரியும்."

"பாய்ச்சல் உங்களோடதுதான் அண்ணாச்சி" என்றார் மாஸ்டர். "இழுக்கப் போறவரு அவருல்லா."