ஊரில் எனக்குப் பிடித்த பத்து

மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குருவுக்கு இருபத்தொன்பது.

குருவின் பெயர் நஸீமா. வேப்பங்குடி கடைவீதியில், மாவு மில்லுக்கு மேல் மாடியில் தட்டச்சுப் பள்ளி நடத்தினாள். கீழே மில் ஓடினால் மேலே மேசைகள் நடுங்கும். அந்த நடுக்கத்தோடுதான் அங்கே எல்லாரும் டைப் அடிக்கப் பழகினார்கள்.

பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற மறுமாதம் மாசிலாமணி அங்கே போய்ச் சேர்ந்தார். ஊரைப் பற்றி வலைப்பூ எழுத வேண்டும் என்பது ஆசை. முதல் நாள் அவர் ஒவ்வொரு எழுத்தையும் குனிந்து தேடித் தேடிக் குத்தினார். நஸீமா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவர் கைகளையும் விசைப்பலகையையும் சேர்த்து மூடினாள்.

"பார்க்காம அடிங்க சார்."

"தப்பா விழுமே டீச்சர்?"

"விழட்டும்."

ஒரு மாதம் கழித்து விரல்கள் தாமாக நடந்தன. துண்டு அங்கேயே ஆணியில் தொங்கியது. புதிதாக வருகிறவர்களுக்கும் அதையே போர்த்தினாள்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் ஓடிவிட்டது. வாரம் ஒன்று எழுதினார். டிசம்பர் கடைசியில் மட்டும் ஒரு பட்டியல் போடுவார். 'இந்த வருடம் நம்ம ஊரில் எனக்குப் பிடித்த பத்து.' டீக்கடை, முடிதிருத்தகம், நூலகத்தின் ஜன்னலோரம், பூக்காரர் கட்டும் கதம்பம் என்று எது வேண்டுமானாலும் அதில் வரும். வெளியூரில் இருக்கும் வேப்பங்குடிக்காரர்கள் லீவுக்கு வந்தால் போனில் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பார்கள்.

போன வருடம் முதலிடம் செங்கமலத்தின் பணியாரக் கடைக்கு. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு தள்ளுவண்டி, ஒரு அடுப்பு, அவ்வளவுதான். 'விளிம்பு மொறுமொறு. ஆறினாலும் அடங்காத மொறுமொறு' என்று எழுதியிருந்தார். செங்கமலம் அந்த வரியை ஃப்ளெக்ஸ் அடித்து வண்டியின் நெற்றியில் கட்டிவிட்டாள்.

இந்த வருடம் கணினி முன்னால் உட்கார்ந்தவர் மூன்று நாளாக ஒரு வரியும் தாண்டவில்லை. நான்காம் நாள் மாடி ஏறினார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"உட்காருங்க சார். மில்லு நிக்கட்டும்."

மில் நின்றது.

"செங்கமலம்மா பணியாரம் கெட்டுப்போச்சு."

நஸீமா தலையை நிமிர்த்தினாள்.

"கெட்டுப்போச்சுன்னா ஊசிப்போகலை. பழைய ருசி இல்லை. பஞ்சு மாதிரி இருக்கு. மொறுமொறுப்பே காணோம். ஒரு தடவை இல்லை, பொங்கல்லேருந்து பார்க்கிறேன்."

"சரி."

"எதிர்லயே புது ஓட்டல் வந்திருக்கு. ஏசி, கலர் லைட்டு. பட்டியலைப் பார்த்துட்டு வர்ற கூட்டம்தான் அந்தம்மாவைத் தாங்குது. பேரை எடுத்தா வண்டியை ஓரங்கட்ட வேண்டியதுதான். நேத்துகூடக் கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டுச்சு. 'இந்த வருசமும் நம்ம பேரு வரும்லண்ணே?'"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தண்ணி குடிச்சேன்."

நஸீமா சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதீங்க டீச்சர். பேரை வச்சா நான் பொய்யன். எடுத்தா பாவி. இதுல கமெண்ட்ல வேற ஒருத்தர் 'மொறுமொறுப்பு அப்படியே இருக்கு சார்'னு எழுதுறாரு. நாலஞ்சு பேர் அப்படித்தான் எழுதுறாங்க. எனக்கு நாக்கு செத்துப்போச்சா, இல்லை அவங்க எனக்காகச் சொல்றாங்களா? ஒண்ணுமே புரியலை. எழுத வந்த புதுசுல எல்லாம் தெளிவா இருந்துச்சு."

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வாங்க. வீட்டுல டிபன் சாப்பிடாம வாங்க."

மறுநாள் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். டைம் கீப்பர் புத்தி. மேசை மேல் தையல் இலையில் மடித்த பொட்டலம் ஒன்று இருந்தது.

"பிரிங்க சார்."

பிரித்தார். ஆறிப்போன பணியாரம் நாலு. ஒன்றை எடுத்துக் கடித்தார். அந்தச் சத்தம் நஸீமாவுக்கும் கேட்டது.

அடுத்ததை எடுத்தார். அதற்கு அடுத்ததையும் எடுத்தார்.

"டீச்சர், இது யாரு கடை?"

"எப்படி இருக்கு?"

"செங்கமலம்மா முன்னாடி சுடுமே, அசல் அதே கை. ஆறியும் அடங்கலை பாருங்க. யாரு, புதுசா யாராச்சும் கடை போட்டிருக்காங்களா? சொல்லுங்க, இவங்களைத் தூக்கி முதல்ல போட்டுடலாம். என் பிரச்சினையும் தீர்ந்துச்சு."

"செங்கமலம்மாதான்."

"எந்தச் செங்கமலம்மா?"

"உங்க செங்கமலம்மா. இன்னைக்குக் காலைல வாங்கினது. எனக்கு முன்னாடி பதினோரு பேர் நின்னாங்க."

மாசிலாமணி கையில் இருந்த பாதிப் பணியாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முந்தாநாள் நான் சாப்பிட்டேனே? பஞ்சா இருந்துச்சே?"

"நீங்க எங்க நின்னு வாங்குறீங்க?"

"நான் எங்க நிக்கிறேன்! தலை தெரிஞ்சதுமே 'அண்ணே வாங்க'ன்னு வண்டிக்குப் பின்னாடி கூப்பிட்டு ஸ்டூலைப் போட்டுடும். எனக்குன்னு தனியா சின்னக் கல்லு ஒண்ணு வச்சிருக்கு. அதுல நல்லெண்ணெய் கிடையாது. நெய்யை ஊத்தி, முந்திரி போட்டு, மூடி வச்சு மெத்துன்னு..."

அவர் நிறுத்தினார்.

கீழே மில் ஓடத் தொடங்கியது. மேசை நடுங்கியது. இலையில் மிச்சமிருந்த ஒரு பணியாரமும் லேசாக ஆடியது.

"எப்போலேருந்து நெய் ஊத்துறாங்க?" நஸீமா சத்தத்துக்கு மேல் கேட்டாள்.

"பொங்கல்லேருந்து. ஃப்ளெக்ஸ் கட்டுனதிலேருந்து."

மாசிலாமணி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடப் பாவமே. வேண்டாம்னு சொன்னாக் கோவிச்சுக்குமேன்னு ஊத்த ஊத்தத் தின்னேன். அதைத் தின்னுட்டு அந்தம்மா பேரையே அடிக்க இருந்தேன்."

"சரி, இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல? எழுதுங்க."

"எங்க டீச்சர் எழுதுறது?" மாசிலாமணி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "முடிவெட்டப் போனா முருகவேலு எனக்குப் பிடிச்ச பாட்டைப் போடுறான். லைப்ரரியில ஜன்னலோரத்துல உட்கார்ந்திருக்கிற புள்ளைங்களை எழுப்பி விட்டுட்டு என்னை உட்கார வைக்கிறாங்க. அமைதியா இருக்குன்னு எழுதினேன். எழுப்பிவிட்டா அமைதியாத்தானே இருக்கும்? டீக்கடையில எனக்கு முதல் டிகாக்ஷன். இந்தப் பத்தும் எனக்குப் பிடிச்சதா, பத்துக்கும் என்னைப் பிடிச்சுப்போச்சா? நான் இந்த ஊர்லதான் இருக்கேனா?"

நஸீமா இலையை அவர் பக்கம் நகர்த்தினாள். "அதையும் சாப்பிடுங்க."

சாப்பிட்டார். கண் கலங்கியது. மிளகாய் அதிகமாக இருந்திருக்கலாம்.

"நெய் வேண்டாம், எல்லாருக்கும் சுடுறதையே கொடுங்கன்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லுங்க. அதுலயும் நல்லா வெந்ததா நாலு பொறுக்கி எடுத்து வைப்பாங்க."

"பேரை மாத்திக்கிட்டு எழுதினா?"

"உங்க முகத்தை என்ன பண்ணுவீங்க?"

"அப்ப எழுதுறதையே விட்டுடவா?"

நஸீமா திரும்பிப் பார்த்தாள். ஒன்பதரை மணி வகுப்புப் பெண் ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து, போர்த்திய துண்டுக்குள்ளே கையை விட்டு அடித்துக்கொண்டிருந்தாள். அடிப்பது தப்பா சரியா என்று தெரியாமல் முகத்தைச் சுளித்தபடியே அடித்தாள்.

நஸீமா அவளிடம் போனாள்.

"போதும்மா. இனிமே உனக்கு வேண்டாம்."

துண்டை எடுத்தாள். ஒரு உதறு உதறினாள். கொண்டு வந்து மாசிலாமணியின் மடியில் போட்டாள். நாலு வருடத்துக்கு முன்பு அவரே கொண்டு வந்த துண்டு. சிவப்புக் கரை வெளுத்திருந்தது.

"மறுபடியும் டைப் அடிக்கணுமா டீச்சர்?"

"நாளைக்குக் காலைல ஆறரைக்கெல்லாம் செங்கமலம்மா கடையில வரிசை கட்டிடும். இதைத் தலைல போட்டுக்கிட்டு, கடைசி ஆளாப் போய் நில்லுங்க. உங்க முறை வர்ற வரைக்கும் பேசாதீங்க."

மாசிலாமணி துண்டை விரித்துப் பார்த்தார்.

"இந்த வயசுல தலைல துண்டைப் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நின்னா ஊரே சிரிக்காதா டீச்சர்?"

"மார்கழிப் பனி சார். அங்க எல்லாரும் அப்படித்தான் நிக்கிறாங்க."